காலாப்பட்டு பஸ் கண்டக்டரின் வயிறு

பாண்டி பஸ் ஸ்டாண்டில் கொளஞ்சி நின்று "காலாப்பட்டு, யுனிவர்சிட்டி, காலாப்பட்டேய்" என்று ஒரு குரல் கொடுத்தால், பக்கத்து விழுப்புரம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட விழித்து, தாங்கள் ஏறியிருப்பது சரியான பஸ்தானா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். வயது ஐம்பத்திரண்டு. வீடு முதலியார்பேட்டையில். அப்பா மில் தொழிலாளி. மில்லை மூடியதும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கொளஞ்சி பஸ்ஸில் ஏறினார். இருபத்தேழு வருஷமாக அந்த ஒரே ரூட்டில் கண்டக்டர்.

அந்த ரூட்டைப் பற்றி அவருக்குத் தனிப் பெருமை உண்டு. புதுச்சேரியில் கிளம்பி, கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பிள்ளைச்சாவடி பக்கம் மறுபடியும் புதுச்சேரிக்குள் வந்து நிற்கும் பஸ் அது. "நாம தெனம் ஆறு தடவ ஸ்டேட்டு வுட்டு ஸ்டேட்டு போயிட்டு வர்றோம், மந்திரிங்ககூட அவ்ளோ போறதில்ல" என்பார்.

இன்னொரு பெருமை அவருடைய கேள்வி. ஏறுகிறவர்கள் எல்லாருமே வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பது அவருடைய நிரந்தரக் குறை. கல்லூரிப் பெண்கள் சுடிதார் துப்பட்டாவுக்குள் ஊர்ப்பெயரைச் சொல்லுவார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு விரலைக் காட்டுவார்கள். சாவடி என்று மொட்டையாகச் சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. சின்ன முதலியார்சாவடியா, பெரிய முதலியார்சாவடியா, பிள்ளைச்சாவடியா? கொளஞ்சி அவர்கள் முன்னால் நின்று, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுவார்: "வாயத் தொறந்து எடத்தச் சொல்லு. நீ சொன்னாத்தான் நான் எறக்கி வுட முடியும்!" பாதிப்பேர் சிரிப்பார்கள், பாதிப்பேர் முறைப்பார்கள். ஆனால் இடம் மாறி இறங்கியவன் என்று ஒருவன் அவர் பஸ்ஸில் கிடையாது.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் போன கார்த்திகையில் வலது விலாவுக்குக் கீழே கத்தியால் குத்துகிற மாதிரி வலி வந்தது. காஸ் என்று சோடா குடித்தார். சூடு என்று வெந்தயம் விழுங்கினார். மூன்றாம் முறை வலி வந்தபோது டிரைவர் தணிகாசலம், பஸ்ஸை ஓரம்கட்டி ஆட்டோ பிடித்து, அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுத்தான் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டு, பையோடு எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

எடுத்த கல்லை ஒரு சின்ன டப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மொத்தம் பதினோரு கல். மிளகு அளவில் எட்டு, கொண்டைக்கடலை அளவில் மூன்று. கொளஞ்சி அந்த டப்பியைப் பணப்பையின் முன்பக்கத்தில் வைத்துக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாரிடமும் குலுக்கிக் காட்டினார். நோயைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிற ஆள் இல்லை அவர் என்று நீங்கள் நினைத்தால், இனிமேல் நடந்ததைக் கேளுங்கள்.

உடம்பு தேறவேண்டுமே என்று மூலக்குளத்திலிருந்து அக்கா அஞ்சலாட்சி கிளம்பி வந்தாள். தம்பி என்றால் உயிர் அவளுக்கு. தினமும் விடிந்ததும் ஆட்டுக்கால் சூப் ஒரு தூக்கு நிறைய அவள் கையில் இருக்கும். மேலே நெய் மாதிரி கொழுப்பு மிதக்கும், மிளகு வாசனையில் தெருவே தும்மும். "வயித்த கிழிச்ச ஒடம்பு. எலும்புல சத்து ஏறணும். கண்ண மூடிக்கினு குடிடா" என்று முன்னால் உட்கார்ந்து, தூக்கைக் கவிழ்த்துக் காட்டினால்தான் எழுந்திருப்பாள். மனைவி நிர்மலா ஒருநாள், "இவ்ளோ கொழுப்பு ஆவுமா அண்ணி" என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கு அஞ்சலாட்சி பார்த்த பார்வையில் நிர்மலா துணி துவைக்கப் போய்விட்டாள்.

இரண்டாம் வாரத்தில் ஆரம்பித்தது. வாயில் போட்டதை வயிறு வைத்துக்கொள்ள மறுத்தது. சாப்பிட்டு அரைமணி ஆகாது, உள்ளே கடமுடா என்று ஒரு சத்தம், அடிவயிற்றில் ஒரு சுருட்டல், அப்புறம் ஓட்டம்தான். தண்ணீராக, மஞ்சளாக, எரிச்சலோடு போனது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் அவகாசமும் இல்லை. 'பொறு' என்று சொன்னால் கேட்கிற வயிறாக அது இல்லை.

தையல் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது ஒரு பெண் டாக்டர். முப்பதுகூட இருக்காது. பெயர்ப்பட்டையில் அபி என்று போட்டிருந்தது. எங்கேயோ பார்த்த முகம். காயத்தைப் பார்த்துவிட்டு, "மோஷன் எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

பதினோரு கல்லைப் பஸ் ஸ்டாண்டுக்கே காட்டிய கொளஞ்சிக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மகள் வயசுப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்லுவது? "நார்மல்" என்றார்.

"எண்ணெய்ப் பலகாரம், கொழுப்பு ஜாஸ்தி உள்ள சாப்பாடு எதுவும் சாப்பிடலையே?"

"சாப்பாடா? காலைல சாப்பாடே கெடயாது டாக்டரு." அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நம் ஊரில் சாப்பாடு என்றால் சோறு, விட்டால் இட்லி. சூப்பைக் குடிக்கிறோம், சாப்பிடுவதில்லை. டீயும் வடையும் பொழுதுபோக்கு. டாக்டர் திருப்தியாகத் தலையாட்டி, வேலைக்குப் போகலாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்.

வேலைக்குப் போன மூன்றாம் நாள் சின்ன முதலியார்சாவடியில் அது நடந்தது. பஸ் நிறைய ஆள். கொளஞ்சிக்குக் கண்ணிமைக்கு மேலே வியர்த்தது. விசிலை ஊதி நிறுத்தினார், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறங்கினார், ஒரு டீக்கடைக்குப் பின்னால் ஓடினார். எட்டு நிமிஷம் பஸ் அப்படியே நின்றது. திரும்பி வந்தபோது அறுபது ஜோடிக் கண் அவரையே பார்த்தது. செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சரி சரி, வெச்சிடறேன்" என்று யாருமில்லாத போனில் பேசியபடியே ஏறினார். தணிகாசலம் கண்ணாடியில் பார்த்தார்.

அன்றிலிருந்து கொளஞ்சி அந்தச் சாலையை வேறு விதமாகப் படிக்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பது கணக்கு. இப்போது எந்த ஸ்டாப்பில் எங்கே கதவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. முத்தியால்பேட்டையில் பெட்ரோல் பங்க், ஆனால் பூட்டு, சாவி முதலாளியிடம். கோட்டக்குப்பத்தில் ஒன்றுமில்லை, கடவுள் விட்ட வழி. பெரிய முதலியார்சாவடியில் ரோட்டோரம் கல்யாண மண்டபம். அதன் வாட்ச்மேன் பழைய பழக்கம், பின்பக்கக் கதவு அவருக்காக எப்போதும் திறந்தே இருக்கும், தண்ணீரும் வரும். பொம்மையார்பாளையத்தில் தென்னந்தோப்பு, மானமுள்ளவன் போகமுடியாது. யுனிவர்சிட்டி வாசலில் செக்யூரிட்டி ஆயிரம் கேள்வி கேட்பான். ஆக அந்த மண்டபம்தான் நடுவழியில் அவருக்கிருந்த ஒரே தைரியம்.

போதாததற்குப் பட்டினியும் கிடந்தார். பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடுவதில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய் மொத்தத்தையும் ஒரே மூச்சில் சாப்பிடுவார். காலையில் சூப் மட்டும் வழக்கம்போல. அதைத்தான் அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லையே. முகம் வற்றி, பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டார்.

தை பிறந்த வாரத்தில் ஒருநாள் மண்டபம் வரை தாங்காது என்று தெரிந்துவிட்டது. முத்தியால்பேட்டை பங்க்கில் இறங்கினார். முதலாளி சாவி தேடிக்கொண்டிருந்தார். பின்னால் போட்டிப் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறான், விட்டால் முன்னால் உள்ள கூட்டத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவான். கொளஞ்சி தரையில் நின்றபடியே விசிலை எடுத்து ஊதினார், இரட்டை விசில். "ரைட், போலாம்!" தணிகாசலம் எடுத்துவிட்டார். இருபத்தேழு வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பஸ் கண்டக்டர் இல்லாமல் காலாப்பட்டுக்குப் போனது. கொளஞ்சி யாரோ ஒருவரின் டூவீலரில் பின்னால் உட்கார்ந்து, விசிலை வாயில் கடித்துக்கொண்டு, தன் பஸ்ஸைத் தானே துரத்திக்கொண்டு போனார். அழுகை வந்தது அவருக்கு. காற்றில் கண் எரிகிறது என்று டூவீலர்க்காரரிடம் சொல்லிக்கொண்டார்.

ஓனர் அரிகிருஷ்ணனுக்கு விஷயம் எட்டாமல் இருக்குமா? கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் இரண்டு பஸ்ஸை வைத்துக்கொண்டு அந்த ரூட்டில் பிழைப்பவர். கொளஞ்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கொளஞ்சி, நீ டைம் ஆபீஸ்ல ஒக்காந்துக்க. பஸ் வர்ற டைமு, போற டைமு எழுது. பக்கத்துலயே கக்கூசு. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். கொளஞ்சிக்கு நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. டைம் ஆபீஸ் என்பது பஸ் ஸ்டாண்டு மூலையில் ஒரு தகரக் கூண்டு. பெஞ்சு ஒன்று, கடிகாரம் ஒன்று. குரலுக்கு அங்கே வேலையே இல்லை. உட்கார்ந்தவர்கள் யாரும் எழுந்து மறுபடி பஸ்ஸில் ஏறினதாகச் சரித்திரம் கிடையாது.

"மாசி மகம் வரைக்கும் டைம் குடு ஓனரே."

அரிகிருஷ்ணன் யோசித்தார். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். அந்தப் பக்கத்துக் கிராமம் முழுக்க அன்றைக்குப் பஸ்ஸில்தான் இருக்கும். "சரி. அன்னைக்கு நானே வண்டில ஒக்காந்து வர்றேன். ஆறு ட்ரிப்பு. ஒன் வயித்துக்காவ ஒரு எடத்துல வண்டி நின்னாலும், மறுநாள் கூண்டு. ஒத்துக்கறியா?"

ஒத்துக்கொண்டார். வேறு வழி?

இந்தச் சேதி தணிகாசலம் மூலம் மூலக்குளத்துக்குப் போனது. மறுநாள் காலை அஞ்சலாட்சி சூப் தூக்கோடு வந்தவள், வாசலிலேயே நின்றாள். "கெளம்புடா. ஆஸ்பத்திரி. சூப்ப அங்கயே வந்து குடிச்சிக்க." அக்கா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லாதவர் கொளஞ்சி. பஸ்ஸில் ஊரையே அதட்டுகிற ஆள், தூக்கு வைத்திருந்த அந்த அம்மாளின் பின்னால் பூனைக்குட்டி மாதிரி போனார்.

அதே டாக்டர் அபிதான். அதே கேள்வி. "மோஷன் எப்படிப் போகுது?"

"நார்மல்" என்றார் கொளஞ்சி, மேசையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய வற்றின முகத்தையும், பெல்ட்டையும், அக்கா கையிலிருந்த தூக்கையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அந்த அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"வாயத் தொறந்து எடத்தச் சொல்லு. நீ சொன்னாத்தான் நான் எறக்கி வுட முடியும்!"

கொளஞ்சி நிமிர்ந்தார்.

"ஞாபகம் இல்லியாண்ணே? ஃபர்ஸ்ட் இயர் சேந்த புதுசு. பிள்ளைச்சாவடில அத்தை வீட்டுக்குப் போகணும். கூச்சத்துல வாய்க்குள்ளயே சொன்னேன். நீங்க இப்படிக் கத்துனீங்க பாருங்க, பஸ்ஸே திரும்பிப் பாத்துது. அழுதுட்டேன். அப்புறம் நீங்களே எறங்கி, ரோட்டக் கடக்க வெச்சு, அத்தை வீட்டு சந்து வரைக்கும் கைய காட்டி வுட்டீங்க. அன்னைலேந்து நான் எங்க போனாலும் வாயத் தொறந்துதான் பேசறேன். இப்ப நீங்க சொல்லுங்க."

கொளஞ்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் வார்த்தைதான் கஷ்டம். "வயித்தால போவுது டாக்டரு" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகு அவரை யாரால் நிறுத்த முடியும்? எத்தனை தடவை, எந்த நிறம், எந்த ஸ்டாப், எட்டு நிமிஷம், பொய் போன், பங்க் சாவி, விசிலைக் கடித்துக்கொண்டு டூவீலரில் போனது வரைக்கும் கொட்டினார். இருபத்தேழு வருஷம் பஸ்ஸில் பழகின குரல். கதவுக்கு வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த முப்பது பேரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். உள்ளே இருந்த நர்ஸ் கதவைச் சாத்தினார். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "காலைல என்ன சாப்பிடறீங்க? சாப்பாடுன்னு நெனச்சி சொல்லாதீங்க. வாய் வழியா உள்ள போறது எல்லாத்தையும் சொல்லுங்க."

அஞ்சலாட்சி பெருமையோடு தூக்கைத் திறந்தாள். டாக்டர் எட்டிப் பார்த்தார். மேலே இரண்டு விரல் கனத்துக்குக் கொழுப்பு.

"தெனமுமா?"

"ஒரு நாள் வுட்டதில்ல" என்றாள் அக்கா.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அம்மா, கல்லீரல்ல பித்தநீர் ஊறிக்கிட்டே இருக்கும். கொழுப்பக் கரைக்கறதுக்கு. முன்னாடி அந்தப் பையில சேந்து நிக்கும். கொழுப்புள்ள சாப்பாடு உள்ள வந்தா, அதுக்குத் தக்கபடி பை அத வுடும். இப்பப் பை இல்ல. பித்தநீர் பாட்டுக்கு சொட்டிக்கிட்டே இருக்கு. அது அதிகமா பெருங்குடலுக்குப் போச்சுன்னா அங்க எரிச்சல் குடுத்து வெளிய தள்ளும். நீங்க கொழுப்ப ஊத்த ஊத்த, வயிறு இன்னும் அவசரப்படும்."

"பித்தப்பையை எடுத்துட்டா பித்தமே இருக்காதுன்னு இல்ல நாங்க நெனச்சோம்" என்றாள் அஞ்சலாட்சி. அவள் முகம் சின்னதாகிவிட்டது.

கொளஞ்சிக்கு வேறு ஒன்று பிடிபட்டது. "அப்ப பஸ்ஸுங்க எல்லாம் ஓடுது, ஆனா டைம் பாத்து அனுப்ப ஆளு இல்ல. எனக்குள்ள இருந்த டைம் கீப்பரத்தான் எடுத்துட்டீங்க!"

"கரெக்ட்டு" என்றார் டாக்டர். "அதனால நீங்கதான் இனிமே டைம் பாத்து அனுப்பணும். பட்டினியும் கெடக்காதீங்க, ஒரே வேளையில குமிச்சும் சாப்பிடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவை. வறுத்தது, பொரிச்சது, இந்த சூப்பு வேணாம். டீயும் கொறைங்க."

அதோடு விடவில்லை. வழியில் கல் ஏதாவது தங்கியிருக்கிறதா, வேறு கோளாறு உண்டா என்று ரத்தமும் ஸ்கேனும் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பித்தநீரைக் குடலிலேயே பிடித்துவைக்கிற ஒரு பொடியை எழுதிக்கொடுத்தார், தண்ணீரில் கலந்து குடிப்பது. வேறு மாத்திரை எதையும் அதோடு சேர்த்து விழுங்கக்கூடாது என்றார். எல்லாருக்கும் இந்தத் தொல்லை வருவதில்லை, வந்தவர்களுக்கும் பெரும்பாலும் நாளாக ஆக அடங்கிவிடும் என்று தைரியமும் சொன்னார்.

வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீலப் புடவையில் ஒரு அம்மாள் மட்டும் எழுந்து, தயங்கித் தயங்கி வந்தார். பெயர் கன்னியம்மாள், பொம்மையார்பாளையம். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"தம்பி, எனக்கும் அதே ஆப்பரேசனு. ஒரு வருசமாச்சு. அதே மாதிரிதான்..." கொளஞ்சியின் வயிற்றைக் கைகாட்டினார். "ஒரு வருசமா நான் பஸ்ஸே ஏறல. இன்னைக்குக்கூட ஆட்டோலதான் வந்தேன். போன மாசி மகத்துக்கு சாமி பாக்கக்கூட போவல. புள்ளைங்க கேட்டா மூட்டு வலின்னு சொல்லிடறேன்."

ஒரு வருஷம்! கொளஞ்சிக்குத் தன் இரண்டு மாதம் அற்பமாகப் போயிற்று. "எக்கா, மொதல்ல உள்ள போயி வாயத் தொறந்து சொல்லு. அப்புறம் இந்த மாசி மகத்துக்கு என் பஸ்ஸுல ஏறு. எங்க வேணும்னாலும் நிறுத்தறேன். மண்டபம் இருக்குது, சாவி தேவயில்ல. நான் பாத்துக்கறேன்." ஓனரிடம் கொடுத்த வாக்கு அந்த நேரத்தில் அவர் நினைவில் இல்லை. வாய் ஒருதடவை திறந்துவிட்டால் அப்படித்தான்.

மறுநாள் முதல் அஞ்சலாட்சியின் தூக்கில் வேறு சரக்கு வந்தது. குழைந்த சோறும் கடைந்த மோரும் ஒரு நாள், இட்லியும் பருப்புத் தண்ணியும் ஒரு நாள், ஆவியில் வெந்த கத்தரிக்காய் ஒரு நாள். ஆறு சின்ன டப்பாவாகப் பிரித்து, "மொத ட்ரிப்பு, ரெண்டாவது ட்ரிப்பு" என்று சொல்லிச்சொல்லிக் கொடுத்தாள். தன்னால்தான் தம்பி இந்தப் பாடுபட்டான் என்கிற குற்ற உணர்ச்சி அவளுக்கு. அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை, டப்பாவைத்தான் அழுத்தி அழுத்தி மூடினாள்.

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பொடி முதல் வாரம் வயிற்றை ஊதிப்போட்டது. அளவைக் குறைத்தார்கள். ஒருநாள் ஆசையில் ஒரு மெதுவடை சாப்பிட்டுவிட்டு மண்டபத்து வாட்ச்மேனை வெகுநேரம் சிரிக்க வைத்தார். ஆனால் நாளுக்கு ஏழு தடவை நாலாகி, நாலு இரண்டாகி, அதுவும் வீட்டிலேயே முடிந்தது. பெல்ட்டில் புது ஓட்டை ஒன்று தேவையில்லாமல் போனது. ஸ்டாண்டில் குரல் மறுபடி ஓங்கியது.

மாசி மகம் வந்தது. அரிகிருஷ்ணன் காலையிலேயே டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். கூட்டம் சொல்லி முடியாது. தட்டில் தேங்காய், பழம், கற்பூரம், தலையில் பூ, இடுப்பில் பிள்ளை என்று எல்லாரும் வைத்திக்குப்பம் கடலுக்குக் கிளம்பியிருந்தார்கள். முதல் ட்ரிப் சரியாகப் போனது. இரண்டு, மூன்று, நாலு, எல்லாம் கடிகாரத்தோடு போட்டி போட்டன. ஒவ்வொரு ட்ரிப் முடிவிலும் கொளஞ்சி ஒரு டப்பாவைக் காலிசெய்தார். வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தும் ஆயிற்று. ஓனர் திரும்பிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார்.

ஆறாவது ட்ரிப். காலாப்பட்டிலிருந்து திரும்பி வரும்போது பொம்மையார்பாளையத்தில் கன்னியம்மாள் ஏறினார். புதுப் புடவை, கையில் அர்ச்சனைத் தட்டு. ஒரு வருஷத்துக்குப் பிறகு பஸ் ஏறியிருக்கிற முகம் எப்படி இருக்கும், அப்படி மலர்ந்திருந்தது. கூட்டத்தில் அவருக்கு இன்னும் சீட்டுக் கிழிக்கவில்லை. பொம்மையார்பாளையம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் கொளஞ்சி கூட்டத்துக்கு மேலாக அவரைப் பார்த்தார். மலர்ச்சி போய்விட்டிருந்தது. கம்பியைப் பிடித்த விரல் வெளுத்திருந்தது. கண்ணிமைக்கு மேலே வியர்வை.

அந்த வியர்வை கொளஞ்சிக்குத் தெரியும். இந்தப் பஸ்ஸில் வேறு யாருக்கும் தெரியாது.

மண்டபம் வர ஒரு நிமிஷம் இருந்தது. பின்னால் போட்டிப் பஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. முன்சீட்டில் ஓனர். நிறுத்தினால் கூண்டு. அந்த அம்மாளுக்காகத்தான் நிறுத்துகிறேன் என்று சொல்லிவிடலாம், ஆனால் எண்பது பேர் திரும்பி அந்த அம்மாளைப் பார்ப்பார்கள், அதன் பிறகு அவர் சாகும்வரை பஸ் ஏறமாட்டார். கொளஞ்சி தகரக் கூண்டை நினைத்தார், பெஞ்சை நினைத்தார். பிறகு விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினார்.

"யாரும் கோச்சிக்காதிங்க! கண்டக்டருக்கு வயிறு சரியில்ல, ரெண்டு நிமிஷம்!" என்று கத்திவிட்டு இறங்கினார். இறங்கும்போதே, "எக்கா, அந்தத் தட்ட இப்படிக் குடு, நெரிசல்ல கீழ வுழுந்துடும்" என்று கன்னியம்மாளையும் கூடவே இறக்கிவிட்டார். பின்கதவைக் கைகாட்டினார். அந்த அம்மாள் ஓடினார். கொளஞ்சியும் பின்னாலேயே போய்ச் சுவர் மறைவில் கொஞ்சம் நின்றுவிட்டு, மண்டபத்து வாசலுக்கு வந்து அர்ச்சனைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார்.

போட்டிப் பஸ் ஹாரன் அடித்தபடி முந்திக்கொண்டு போனது. பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு. தீர்த்தவாரி முடிந்துவிடும் என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். அரிகிருஷ்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அவருக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது.

"அஞ்சு ட்ரிப்பு ஓட்டிட்டு, கடைசில இப்படிப் பண்ணிட்டியே கொளஞ்சி. நாளைலேந்து டைம் ஆபீஸ். நான் சொன்னது சொன்னதுதான்."

"சரி ஓனரே" என்றார் கொளஞ்சி. தட்டில் பழம் உருளாமல் பிடித்துக்கொண்டார். தணிகாசலம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, ஆனால் சொல்ல வேண்டியது அவர் இல்லை.

கன்னியம்மாள் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஓனர் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. வாசலில் தட்டோடு நிற்கும் கண்டக்டரைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். ஏறினார், படியிலேயே நின்றார்.

"நாளைலேந்து அவர எறக்கறதா இருந்தா என்னயும் கேளுங்க" என்றார். "வயிறு சரியில்லாதது அவருக்கில்ல. எனக்கு. இப்ப நாந்தான் கக்கூசுக்குப் போயிட்டு வர்றேன். ஆப்பரேசன் பண்ணினதுலேந்து ஒரு வருசமா அப்படித்தான் இருந்துது. எவ்ளோவோ தேவலாம் இப்ப. இன்னைக்குக் காலைல நெய்ப் பொங்கல் துன்னது என் தப்பு. யார் கிட்டயும் சொல்லல, வெக்கம். அதுக்காவ அவரு தன் மேல போட்டுக்கிட்டாரு."

பின்சீட்டிலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது: "இந்த வண்டி தெனம் இங்க நிக்குமா? எனக்கு சக்கரை. நிக்கும்னா நான் இனிமே இதுலதான் வருவேன்."

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அரிகிருஷ்ணன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு வெகுநேரம் காதைச் சொறிந்தார். அப்புறம் திரும்பாமலே கேட்டார்:

"ஒன் வயிறு எப்படியிருக்கு கொளஞ்சி?"

"காலைலேந்து டைமுக்கு ஓடுது ஓனரே."

"அப்ப எதுக்குக் கீழயே நிக்கற? ஏறி விசிலடி. முன்னாடி போறவன் ஆளெல்லாம் ஏத்திடப் போறான்."

கொளஞ்சி ஏறினார். இரட்டை விசில் ஊதினார். அது வழக்கத்தைவிட நீளமாக இருந்தது என்று தணிகாசலம் பிற்பாடு சொன்னார். பஸ் கிளம்பியது. கொளஞ்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு கன்னியம்மாளிடம் வந்து, தட்டைக் கையில் கொடுத்தார். சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். எங்கே போகிறார் என்று அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனாலும் கண்டக்டர் கேட்காமல் சீட்டுக் கிழிப்பது எப்படி?

"எங்க போவணும்?"

கன்னியம்மாள் நிமிர்ந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "வைத்திக்குப்பம்! கடலுக்கு!"